தன்னையே பெஞ்சில் உட்கார வைத்த மேனேஜர்

ஆன்ஃபீல்ட் அரியணை – அத்தியாயம் 7

(சென்ற வாரம்: 1985 மே 29. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானம். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் தொடங்குவதற்கு முன்பே பார்வையாளர் பகுதியின் சுவர் சரிகிறது...)

மொத்தம் 39 பேர். லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கும்பல் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தது. அடுத்த பகுதியில் நின்றிருந்த யுவெண்டஸ் ரசிகர்கள் தப்ப வழியில்லாமல் சுவரோரம் நெருங்கினார்கள். நெரிசலில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள்தான் அதிகம். இறந்தவர்களில் 32 பேர் இத்தாலியர்கள். மைதானம் பழுதடைந்தது, போலீஸ் ஏற்பாடு போதவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாய்ந்தது லிவர்பூல் கும்பல். அந்தக் கிளப்பின் பெருமையை எழுத உட்காரும் எவரும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது. நிறுத்தினால் கலவரம் இன்னும் பெரிதாகும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். கூட்டத்தை அமைதிப்படுத்த ஒலிபெருக்கியில் பேசிய இரண்டு கேப்டன்களில் ஒருவர் லிவர்பூலின் ஃபில் நீல். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் மறுபடி வருவார். பிளாட்டினி அடித்த பெனால்டியில் யுவெண்டஸ் 1–0 என்று ஜெயித்தது.

மறுநாள் லிவர்பூல் விமான நிலையத்தில் இறங்கும்போது மேனேஜர் ஜோ ஃபேகன் அழுதுகொண்டிருந்தார். பயிற்சியாளர் ராய் எவன்ஸ் அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிவரும் புகைப்படத்தை இன்றும் பார்க்க முடிகிறது. ஃபேகனுக்கு அப்போது 64 வயது. ஓய்வு பெறுவதென்று ஹெய்சலுக்கு முன்பே தீர்மானித்திருந்தார். ஒரு வாழ்நாளின் உழைப்பு அப்படியா முடிய வேண்டும்!

அன்றைக்கே ஆன்ஃபீல்டில் நிருபர்களைக் கூட்டி, அடுத்த மேனேஜர் யார் என்று அறிவித்தார்கள். முந்தின இரவு ஹெய்சலில் சிவப்புச் சட்டை அணிந்து விளையாடிய ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர். வயது 34. மேனேஜராக ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

கென்னி டால்கிளீஷ்.

ஆட்டத்தையும் விடப்போவதில்லை. பிளேயர்-மேனேஜர். சனிக்கிழமை விளையாடும் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பவரும் அவர், அந்தப் பதினொரு பேரில் ஒருவராக இருக்கக்கூடியவரும் அவர். கையில் காசில்லாத சின்ன கிளப்புகள் வயதான ஆட்டக்காரர் ஒருவரிடம் இரண்டு வேலையையும் கொடுப்பதுண்டு. இங்கிலாந்தின் லீக் பட்டத்தை அப்படி ஒருவர் வென்றதாக அதுவரை சரித்திரமே இல்லை.

லிவர்பூல் நிர்வாகம் ஏன் இந்தச் சூதாட்டத்தில் இறங்கியது?

*

அதற்கு அவர் வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1951 மார்ச் 4-ஆம் தேதி கிளாஸ்கோ நகரின் கிழக்கே, டால்மார்னக்கில் பிறந்தார். அப்பா இன்ஜினியர். குடும்பம் புராட்டஸ்டண்ட். பையன் ரேஞ்சர்ஸ் கிளப்பின் பக்தன். கிளாஸ்கோவில் இது சாதாரணச் சங்கதி கிடையாது. ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டண்ட், செல்டிக் என்றால் கத்தோலிக்கர் என்று தெருவே பிரிந்து நின்ற ஊர். அந்த வீட்டுக் கதவை 1967-இல் தட்டியவர் செல்டிக்கின் துணை மேனேஜர் ஷான் ஃபாலன். அவர் உள்ளே வருவதற்குள் பையன் அறைக்கு ஓடிச் சுவரிலிருந்த ரேஞ்சர்ஸ் படங்களைக் கிழித்து எடுத்தான் என்று கிளாஸ்கோவில் ஒரு கதை உண்டு. கையெழுத்து மட்டும் கதையில்லை. செல்டிக்கில் சேர்ந்தான்.

சேர்ந்ததும் கம்பர்நால்ட் யுனைடெட் என்ற சின்ன அணிக்கு அனுப்பினார்கள். பகலில் தச்சுப் பட்டறையில் தொழில் பழகினான், மற்ற நேரத்தில் பந்து. செல்டிக்கின் மேனேஜர் ஜாக் ஸ்டெய்ன் அந்த 1967-இல்தான் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்று வந்திருந்தார். பிரிட்டனுக்கே அது முதல் தடவை. அப்படிப்பட்ட மனிதரின் கண்ணெதிரே வளர்ந்தான். நான்கு லீக் பட்டம், நான்கு ஸ்காட்டிஷ் கோப்பை.

1977 ஆகஸ்டில் லிவர்பூல் 4,40,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. பிரிட்டிஷ் கிளப்புகளுக்கிடையே அதுவரை கைமாறாத தொகை. கெவின் கீகன் ஹாம்பர்க் போய்விட்டார், அவருடைய 7-ஆம் எண் சட்டையை இந்தப் புதியவருக்குக் கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில், முன்னால் பாய்ந்து வந்த கோல்கீப்பரின் மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டுக் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். கீகனை யாரும் பிறகு தேடவில்லை.

அவர் பெரிய ஓட்டக்காரர் இல்லை, உயரமும் இல்லை. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். பின்னாலிருந்து இடிக்கும் தடுப்பாட்டக்காரரை இடுப்பாலேயே தள்ளி வைப்பார். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே, அது அடுத்து எங்கே போக வேண்டும் என்று முடிவாகியிருக்கும். இயன் ரஷ் என்ற மெலிந்த வேல்ஸ் பையன் கோல் கோலாகக் குவித்ததில் பாதிப் பங்கு இந்தப் பார்வைக்கு உண்டு என்பேன். நிர்வாகம் கண்டதும் இந்தக் கண்ணைத்தான். ஆட்டத்தை அப்படிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அணியையும் பார்க்கத் தெரியும் என்று நம்பினார்கள்.

ஆனால் டிரெஸ்ஸிங் ரூமில் அதே வயதில் இன்னொருவர் அந்த நாற்காலியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

*

ஃபில் நீல். டால்கிளீஷுக்குச் சில நாள் மூத்தவர். அதற்குள் ஏழு லீக் பட்டம் பார்த்தவர். அணியின் கேப்டன். ஹெய்சலில் அந்தக் கொடுமையின் நடுவே ஒலிபெருக்கியைப் பிடித்தவர். தனக்கு வரும் என்று அவர் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது.

நேற்றுவரை 'கென்னி' என்று தோளில் தட்டியவர்கள் இன்று 'பாஸ்' என்று கூப்பிட வேண்டும். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டியவர் இன்று உன் பெயர் பட்டியலில் இல்லை என்று சொல்வார். டால்கிளீஷ் தயங்கவில்லை. கேப்டன் பட்டையை நீலிடமிருந்து எடுத்து ஆலன் ஹேன்சனிடம் கொடுத்தார். வலப்புறத் தடுப்பில் நீல் நின்ற இடத்துக்கு இளைஞர் ஸ்டீவ் நிக்கல் வந்தார். டிசம்பரில் நீல், போல்டன் கிளப்புக்கு பிளேயர்-மேனேஜராகவே கிளம்பிப் போனார். கடினமான முடிவுதான். ஆனால் அதை எடுக்காமல் தள்ளிப்போட்டிருந்தால் இந்தத் தொடருக்கு இன்றைய அத்தியாயமே இருந்திருக்காது.

துணைக்கு ஆள் இருந்தது. பெரியவர் பாப் பெய்ஸ்லி ஆலோசகராக வந்து நின்றார். ரோனி மோரனும் ராய் எவன்ஸும் பயிற்சியைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பருவம் தொடங்கிச் சில வாரத்தில், செப்டம்பர் 10 இரவு, வேறொரு செய்தி வந்தது. கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து அணியை நடத்திக்கொண்டிருந்த ஜாக் ஸ்டெய்ன், ஆட்டம் முடியும் நேரத்தில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். தன்னை ஆளாக்கிய குரு. மேனேஜர் வேலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அந்த இரவில் டால்கிளீஷ் யோசித்திருக்கமாட்டாரா?

நாடே கால்பந்தின் மீது வெறுத்துப்போயிருந்த காலம் அது. ஹெய்சலுக்கு 18 நாள் முன்னால்தான் பிராட்ஃபோர்ட் மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்திருந்தார்கள். டிவி நிறுவனங்களோடு தகராறு வந்ததால் டிசம்பர் முடியும்வரை ஒரு லீக் ஆட்டம்கூடத் திரையில் வரவில்லை. ஆங்கிலக் கிளப்புகள் அத்தனைக்கும் ஐரோப்பாவில் தடை. இந்தத் தடையில் அநியாயமாக அடிபட்டது அதே ஊரின் நீலச் சட்டை அணி எவர்டன். லீக் சாம்பியன், ஐரோப்பியக் கோப்பை வின்னர்ஸ் கோப்பையும் கையில். ஐரோப்பியக் கோப்பையில் ஆட வேண்டிய ஆண்டில், பக்கத்துத் தெருக்காரர்கள் செய்த பாவத்துக்கு வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு அவர்களிடம் அப்போது புதிதாக வந்து சேர்ந்திருந்தார் கேரி லினக்கர்.

*

செப்டம்பர் 21, எவர்டனின் குடிசன் பார்க். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டால்கிளீஷின் கோல். லிவர்பூல் 3–2. பிளேயர்-மேனேஜர் என்றால் இதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்து நடந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. பட்டியலிலிருந்து டால்கிளீஷ் தன் பெயரையே எடுத்துவிட்டார். ரஷ்ஷுக்குப் பக்கத்தில் இளைஞர் பால் வால்ஷை நிறுத்தினார். குளிர்காலத்தின் பெரும்பகுதியை வெளியே இருந்தே கழித்தார். வால்ஷ் நன்றாகவே ஆடினார். நீலை வெளியே அனுப்பியதைவிட இது பெரிய துணிச்சல் என்பது என் கருத்து. பிறரை நீக்கும் அதிகாரம் கையில் வந்ததும் தன் பெயரை முதல் வரியில் எழுதிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இவர் தன் கால்களையும் அடுத்தவன் கால்களைப் போலவே எடைபோட்டார்.

பிப்ரவரியில் வால்ஷுக்குக் காயம். 22-ஆம் தேதி ஆன்ஃபீல்டுக்கே வந்து எவர்டன் 2–0 என்று அடித்துவிட்டுப் போனது. கெவின் ராட்கிளிஃப் வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து, கோல்கீப்பர் குரோபலாரின் உடம்புக்கடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. தான் ஆடியதிலேயே மோசமான லிவர்பூல் அணி இதுதான் என்று நண்பர் டால்கிளீஷிடமே சொன்னதாக ஹேன்சன் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். சொன்னவர் கேப்டன்!

லீக்கில் மிச்சம் 12 ஆட்டம். டால்கிளீஷ் மறுபடி சட்டையை மாட்டினார்.

35 வயதில் திரும்பி வருவது, வெளியே போவதைவிடக் கடினம். சரியில்லாமல் போனால் ஆட்டக்காரனுக்கும் அவமானம், மேனேஜருக்கும் அவமானம், இரண்டும் ஒரே தலையில். மார்ச் 26-ஆம் தேதி ருமேனியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்காக நூறாவது ஆட்டம் ஆடினார். ஸ்காட்லாந்தில் அதுவரை எவரும் எட்டாத எண். லிவர்பூலிலோ, அவர் நடுவே வந்து நின்றதும் பந்து பழையபடி ஓடியது. அந்த 12 ஆட்டங்களில் 11 வெற்றி, ஒன்று டிரா. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் சவுத்தாம்டனை ரஷ்ஷின் இரண்டு கோல் வெளியேற்றியது. மறுபக்கம் எவர்டனும் இறுதிக்கு வந்தது. லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை, இரண்டுக்கும் ஒரே ஊரின் இரண்டு அணிகள் மல்லுக்கு நின்றன.

ஏப்ரல் 30. ஆக்ஸ்ஃபோர்டில் எவர்டன். கையிலிருந்த பட்டம் அன்று நழுவியது, 0–1. ராசியான பூட்ஸை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள், கிடைத்த வாய்ப்பையெல்லாம் கோட்டைவிட்டேன் என்று லினக்கரே பின்னாளில் சொன்னார். அதே மாலை லெஸ்டரில் லிவர்பூல் 2–0. இனி கணக்கு எளிது. மே 3, லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சியை ஜெயித்தால் பட்டம் லிவர்பூலுக்கு. தவறினால் எவர்டனும் வெஸ்ட் ஹாமும் பின்னாலேயே நிற்கிறார்கள்.

23-ஆம் நிமிடம். ஜிம் பெக்லின் பந்தைத் தூக்கி உள்ளே அனுப்புகிறார். பெட்டிக்குள் ஓடி வந்த டால்கிளீஷ் அதை மார்பில் வாங்குகிறார். பந்து கீழே விழுகிறது, தரையைத் தொடவில்லை. வலது கால். செல்சி கோல்கீப்பர் டோனி காடனைத் தாண்டி வலைக்குள். இரண்டு கைகளையும் விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக அவர் ஓடிய ஓட்டம்! ஆட்டம் 1–0 என்றே முடிந்தது. இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்ற முதல் பிளேயர்-மேனேஜர், அதை வென்று கொடுத்த கோலையும் தானே போட்டார். இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

கதை இங்கே முடியலாம். முடியவில்லை.

ஏழு நாள் கழித்து, மே 10, வெம்பிளி. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலும் எவர்டனும் மோதுவது அதுவே முதல் தடவை. அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்று ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் கிளம்பி வந்த கூட்டம். ஹெய்சல் நடந்து ஓராண்டு நிறையவில்லை, நீலச் சட்டைக்காரர்களுக்கு மனத்தில் ஆறாத ஆத்திரம் இருக்க நியாயம் உண்டு. ஆனாலும் கலந்தே நின்றார்கள். லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் ஒரே பருவத்தில் வாங்கிய கிளப்புகள் அந்த நூற்றாண்டில் அதுவரை இரண்டே இரண்டு: 1961-இல் டாட்டன்ஹாம், 1971-இல் ஆர்சனல். மூன்றாவதாக லிவர்பூல் வரவேண்டும் என்றால் இந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டும். டால்கிளீஷ் பதினொரு பேரில் ஒருவராக இறங்கினார்.

27-ஆம் நிமிடம். பீட்டர் ரீட் நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார். லினக்கர் ஹேன்சனை ஓட்டத்தில் தோற்கடித்தார். முதல் உதையை குரோபலார் தடுத்தார். தடுத்த பந்து மறுபடி லினக்கர் காலுக்கே வந்தது. எவர்டன் 1–0.

இடைவேளைவரை லிவர்பூலால் திருப்பித் தர முடியவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் பத்து பேர் உட்கார்ந்திருக்க, பதினோராவது ஆள் நின்று பேச வேண்டும். அவருக்கும் அதே வியர்வை, அதே களைப்பு.

வாசகர்களே, அடுத்த வாரம் வரை ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இயன் ரஷ் கோல் போட்ட எந்த ஆட்டத்திலும் லிவர்பூல் அதுவரை தோற்றதில்லை. இடைவேளையின்போது வெம்பிளியில் ரஷ் இன்னும் கோல் போட்டிருக்கவில்லை.

(தொடரும்)