பீஷ்மரின் சாட்சியம்: தாதர் ராஜகிருகத்தில் நிகழ்ந்த ஒரு மறுவாசிப்பு

மும்பையின் தாதர் கிழக்கில், இந்து காலனியில், ராஜகிருகம் என்னும் வீடு இருக்கிறது. 1930களின் முற்பகுதியில் அம்பேத்கர் கட்டுவித்த வீடு. மகத நாட்டின் பழைய தலைநகரின் பெயரை அதற்கு இட்டார். அவ்வீட்டின் பெரும்பகுதியை நூல்களே ஆண்டன. ராஜகிருகத்தைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அந்நூல்களின் எண்ணிக்கையைத் தவறாமல் குறிப்பிடுவர். அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். அங்கே எந்த நூல்கள் எப்படி வாசிக்கப்பட்டன என்பதோ அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. அந்த அலமாரிகளில் அம்பேத்கருக்குப் புதியவை அல்லாத இரண்டு நூல்களும் இருந்தன. மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் அவர் சிறுவனாக இருந்தபோதே இரவுதோறும் உரக்கப் படித்தவர். ஒருவர் இளமையில் படிக்க நேர்ந்த பேரிலக்கியத்தை நடுவயதில் மீண்டும் திறக்கும்போது என்ன நிகழ்கிறது என்னும் கேள்விக்கு, இந்திய அறிவு வரலாற்றில் இதைவிடச் செறிவான சான்று எளிதில் கிடைக்காது.

முதல் வாசிப்பைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, ‘புத்தரும் அவரது தம்மமும்’ நூலுக்கு 1956இல் அம்பேத்கர் எழுதிய முன்னுரையிலிருந்து வருகிறது. தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர், கபீர் நெறியினர், வீட்டுக் கட்டுப்பாட்டில் கண்டிப்பானவர். நாள்தோறும் உறங்கச் செல்லுமுன் பீமராவும் அவருடைய தமையனும் மகாபாரதத்திலும் இராமாயணத்திலும் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும். கேட்பதற்குச் சகோதரிகளும் கதை கேட்கக் கூடிய பிறரும் இருப்பர். பல ஆண்டுகள் இது தொடர்ந்தது. உருவ வழிபாட்டில் நம்பிக்கையற்ற தந்தை பிள்ளைகளுக்காகப் பிள்ளையார் பூசை செய்ததையும் அதே முன்னுரை நினைவுகூர்கிறது. அந்த முரண் சிறுவனின் கண்ணுக்குத் தப்பவில்லை.

பள்ளியின் நிலை வேறு. எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதத்தை இரண்டாம் மொழியாகப் படிக்க அவர் விரும்பினார். தீண்டாதார் வகுப்பினர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்தார். கதை வீட்டில் திணிக்கப்பட்டது, கதையின் மூலமொழி பள்ளியில் மூடப்பட்டது என்னும் இந்த இரட்டை நிலையை மனத்தில் கொள்ளாமல், பிற்காலத்தில் அவர் அந்நூல்களை அணுகிய முறையைப் புரிந்துகொள்ள இயலாது. மற்ற மாணவர்கள் பாடத்திட்டத்தின் வழியாகப் பெற்ற பேரிலக்கிய அறிமுகம் அவருக்கு விளக்கொளியில், தந்தையின் கண்காணிப்பில், மராத்தி வீட்டுச் சூழலில் கிடைத்தது.

அடுத்து வருவது பலரும் அறிந்த நிகழ்ச்சி. அவர் ஒரு தேர்வில் வென்றதைச் சமூகத்தார் விழா எடுத்துக் கொண்டாடினர். மராத்தி எழுத்தாளர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அது எந்தத் தேர்வு என்பதில் சான்றுகள் ஒத்துப்போவதில்லை. ஆங்கில நான்காம் வகுப்பு என்கிறார் அம்பேத்கர். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் என்கின்றனர். எதுவாயினும், பரிசைப் படித்து முடித்த மகன் தந்தையிடம் கேட்ட கேள்வி முக்கியமானது. பௌத்த நூல்களை ஏன் எங்களுக்கு அறிமுகப்படுத்தவில்லை? பிராமணர், சத்திரியர் பெருமையையும் சூத்திரர், தீண்டாதார் இழிவையும் திரும்பத் திரும்பக் கூறும் நூல்களை ஏன் படிக்க வைத்தீர்கள்?

ராம்ஜியின் விடை பொதுவாக விரைந்து கடந்து செல்லப்படுகிறது, அது கூடாது. நாம் தீண்டாதார், ஆகவே உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை வரக்கூடும். துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்தனர் என்று பாருங்கள். வான்மீகி ஒரு கோலி, அவரே இராமாயணத்தின் ஆசிரியர் ஆனார். தாழ்வு மனப்பான்மைக்கு மருந்தாகவே இந்நூல்கள் என்பது அவர் வாதம். நூல் எதைச் சொல்ல எழுதப்பட்டதோ அதற்கு எதிர்த்திசையில், தம் பிள்ளைகளின் தேவைக்காக அதை வாசித்திருக்கிறார் ராம்ஜி. மகனின் வாசிப்புக்கு முன்பே இவ்வீட்டில் ஒரு மறுவாசிப்பு நடந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். தந்தையின் வாதத்தில் ஓரளவு வலு இருந்ததாக அம்பேத்கரும் ஒப்புக்கொள்கிறார், ஆனால் நிறைவுறவில்லை. பீஷ்மரும் துரோணரும் சொல்வதொன்றும் செய்வதொன்றுமானவர்கள். கிருஷ்ணன் வஞ்சகத்தை நம்பியவன். சூர்ப்பணகையிடமும் வாலியிடமும் சீதையிடமும் இராமன் நடந்துகொண்ட விதம் ஏற்கத்தக்கதன்று என்று மறுமொழி கூறினாராம். தந்தை மௌனமானார்.

இந்த உரையாடலைச் சான்றாகக் கொள்பவர்கள் ஒரு காலக்கணக்கை மறந்துவிடுகின்றனர். அதை எழுதியவர் 65 வயதை எட்டிக்கொண்டிருந்தவர், பௌத்தம் ஏற்கும் முடிவோடு இருந்தவர். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சிறுவனின் சொற்கள் அப்படியே வந்து சேர்ந்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. உணர்வு பழையதாக இருக்கலாம். அதன் சொல்லடுக்கு 1956க்கு உரியது. இதனினும் பெரிய சிக்கல், சிறுவயதிலேயே இதிகாசங்களைத் தூக்கியெறிந்துவிட்டுப் புத்தரிடம் சென்றார் என்ற எளிய வரலாறு இதிலிருந்து பிறப்பதுதான். அவர் தூக்கியெறியவில்லை. தாதரில் குடியேறிய ஆண்டுகளில் அவற்றிடமே திரும்பி வந்தார்.

1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் அந்தத் திரும்பலின் முதற்கட்டம் தெரிகிறது. சம்பூகன் கதையை அங்கே எடுத்துக்கொள்ளும் அம்பேத்கர், தவம் செய்த சூத்திரனைக் கொன்றதற்காக இராமனைத் தனியொருவனாகப் பழிப்பது நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமை என்கிறார். இராமராச்சியம் நால்வருணத்தின்மேல் நின்ற அரசு. அதைக் காக்க வேண்டிய அரசனுக்கு வேறு வழி இல்லை. தண்டனையின் அச்சம் இல்லாமல் நால்வருணம் நிலைக்காது. இங்கே இராமனின் இயல்பு பின்னுக்குப் போய்விடுகிறது. பாத்திரத்தை வெறுத்த வாசகர், அப்பாத்திரத்தை இயக்கும் அமைப்பைக் கேள்விக்குள்ளாக்குபவராக மாறியிருக்கிறார். இம்மாற்றம் நேர்கோட்டில் சென்றது என்றும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் எழுதப்பட்ட இராமன், கிருஷ்ணன் பற்றிய கட்டுரையில் தனிமனித ஒழுக்கம் பற்றிய பழைய குற்றச்சாட்டுகள் மீண்டும் வருகின்றன, இம்முறை வான்மீகியின் உரைச்சான்றுகளோடு.

மறுவாசிப்பின் உச்சம் 1946இல் வெளியான ‘சூத்திரர் யார்?’ என்னும் நூல். அதன் முன்னுரை ராஜகிருகம், தாதர் என்னும் முகவரியோடும் 10 அக்டோபர் 1946 என்னும் நாளோடும் முடிகிறது. சமஸ்கிருதத்தில் தமக்குப் புலமை இல்லை என்று எதிர்ப்பாளர் கூறக்கூடும் என்பதை முன்னுணர்ந்து, அக்குறையை அம்பேத்கரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்நூல்களில் ஆங்கிலத்தில் கிடைக்காதது மிகச் சிலவே என்றும், 15 ஆண்டுகள் மொழிபெயர்ப்புகளின் வழியாகத் தாம் செய்த படிப்பு போதிய தகுதியைத் தரவேண்டும் என்றும் வாதிடுகிறார். 1946இலிருந்து 15 ஆண்டு பின்னே எண்ணினால் 1931. வட்டமேசை மாநாடுகள், புனா ஒப்பந்தம், சட்டக் கல்லூரிப் பணி, பின் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் பொறுப்பு ஆகியவற்றுக்கு நடுவே இப்படிப்பு நடந்திருக்கிறது. பள்ளியில் மொழி மறுக்கப்பட்டவர் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லும் இந்தத் தன்விளக்கத்தை வெறும் அவையடக்கமாகக் கடந்துபோக முடியாது.

அந்நூலின் அச்சாணி மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வரும் ஒரு சிறு செய்தி. பைஜவனன் என்னும் சூத்திரன் வேள்வி செய்து பெருந்தக்கணை கொடுத்தான் என்கிறது அது. யாஸ்கரின் நிருக்தம் சுதாஸைப் பிஜவனனின் மகன் என்கிறது. இருக்கு வேதத்தில் பத்து அரசர்களை வென்ற அதே சுதாஸ். எனவே பைஜவனனும் சுதாஸும் ஒருவரே. எனவே ஓர் ஆரிய அரசன் சூத்திரன் எனப்பட்டான். எனவே சூத்திரர் தொடக்கத்தில் சத்திரியரே. பிராமணரோடு நேர்ந்த பகையில் உபநயனம் மறுக்கப்பட்டுக் கீழிறக்கப்பட்டனர். இவ்வளவு பெரிய கட்டடத்தை ஒரு சொல்லின்மேல் எழுப்புவதால், அந்தச் சொல் பிழையான பாடமாக இருக்கக்கூடுமோ என்னும் ஐயத்தை அவரே எழுப்பிக்கொள்கிறார். பல ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். ஏட்டுச் சுவடிகளோடு போராடிப் பதிப்பித்தவர்களை அறிந்த தமிழ் மாணவருக்கு இந்தப் பக்கங்கள் அந்நியமாகத் தோன்றா.

இங்கே கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. சாந்தி பருவத்தின் அப்பகுதியில் பேசுபவர் யார்? அம்புப் படுக்கையில் கிடந்தபடி தருமனுக்கு அரசநீதி உரைக்கும் பீஷ்மர். சிறுவன் தன் தந்தையிடம் இரட்டை வேடக்காரர் என்று ஒதுக்கிய அதே பீஷ்மரின் வாய்மொழியே, ஐம்பத்தைந்து வயது ஆய்வாளருக்கு முதன்மைச் சாட்சியம் ஆகிறது. பாத்திரத்தை விரும்பாமலே, அவர் சொல்லில் தற்செயலாகத் தங்கிவிட்ட பழைய செய்தி ஒன்றைப் பயன்படுத்தும் பக்குவம் அது. வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் எப்போதாவது கற்க வேண்டிய இப்பாடத்தை அம்பேத்கர் தாம் வெறுத்த நூலிலேயே கற்றார்.

அவர் முடிவு நிலைத்ததா? இல்லை. பண்டைய இந்தியாவில் சூத்திரர் பற்றி 1958இல் விரிவான ஆய்வை வெளியிட்ட ஆர்.எஸ். சர்மா, அம்பேத்கரின் சான்றுகள் முற்றிலும் மொழிபெயர்ப்பையே சார்ந்தவை என்றும், சூத்திரருக்கு உயர்ந்த தோற்றம் நிறுவும் நோக்கத்தோடு அவர் முன்கூட்டியே செயல்பட்டார் என்றும், சாந்தி பருவத்தின் ஒரே இடத்தைக்கொண்டு முழுக் கோட்பாட்டையும் எழுப்பினார் என்றும் விமர்சித்தார். மூன்றாவது குற்றச்சாட்டு பெருமளவு நியாயமானது. வேத காலத்து நிகழ்ச்சியை நிறுவ மிகப் பிற்பட்ட ஒரு பருவத்தை நம்புவது பலவீனமான வழிதான். முதற்குற்றச்சாட்டில், சமஸ்கிருத வகுப்பிலிருந்து அம்பேத்கர் ஏன் வெளியே நின்றார் என்ற வினாவுக்கு இடமில்லை, அது வருந்தத்தக்கது.

இரண்டாம் குற்றச்சாட்டே சிந்திக்கத்தக்கது. உயர்ந்த தோற்றத்தை நிறுவும் நோக்கம் அம்பேத்கருக்கு எங்கிருந்து வந்தது? சர்மா அக்காலக் கீழ்ச்சாதிப் படித்தோரிடம் காணப்பட்ட பொதுப்போக்கைக் காரணமாகக் காட்டுகிறார். அவரவர் வீட்டிலும் தேடலாம். கர்ணனையும் வான்மீகியையும் காட்டித் தாழ்வு மனப்பான்மையைப் போக்க முயன்ற ராம்ஜி 1913இல் காலமானார். தந்தையின் வாதம் நிறைவளிக்கவில்லை என்ற மகன், மூன்று பதின்மங்களுக்குப் பின் அதே மகாபாரதத்தைப் பிரித்து, தாழ்த்தப்பட்டோர் ஒருகாலத்தில் அரசராயிருந்தனர் என்று அதே நூலைக்கொண்டே நிறுவ முனைகிறார். ராம்ஜியின் வாசிப்பு அடிக்குறிப்புகளோடும் பாடபேத அட்டவணையோடும் திரும்பி வந்திருக்கிறது. மகன் இதை உணர்ந்திருந்தாரா என்று அந்நூலில் எந்தக் குறிப்பும் இல்லை. தந்தையின் வாதத்தில் வலு இருந்தது என்னும் 1956ஆம் ஆண்டு ஒப்புதலை, ‘சூத்திரர் யார்?’ எழுதி முடித்தவரின் ஒப்புதலாக வாசித்தால் அதன் கனம் கூடுகிறது.

தமிழ்நாட்டிலும் அதே பத்தாண்டு மறுவாசிப்பின் பத்தாண்டாகவே இருந்தது. 1943இல் கம்பராமாயணம் குறித்து அண்ணாவோடு ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியும் மேடையில் வாதிட்டனர். ‘சூத்திரர் யார்?’ வெளியான அதே 1946இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வந்தது; 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல்தான் விடுவிக்கப்பட்டது. பெரியார் 1940இல் பம்பாய் சென்று அம்பேத்கரைச் சந்தித்தவர். எனினும் இரண்டு மரபுகளையும் ஒன்றெனக் கலப்பது பிழை. இங்கே காப்பியத்துக்கு எதிர்க்காப்பியம் எழுந்தது. தாதரில் காப்பியம் ஆவணமாக்கப்பட்டு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டது.

இராமன், கிருஷ்ணன் பற்றிய அக்கட்டுரை ‘இந்துமதத்தில் புதிர்கள்’ நூலின் பிற்சேர்க்கையாக 1987இல்தான், மகாராட்டிர அரசின் தொகுதி வரிசையில் வெளிவந்தது. அதை நீக்கக் கோரிச் சிவசேனையும், காக்கக் கோரித் தலித் அமைப்புகளும் மும்பை வீதிகளில் திரண்டன. சிவசேனையின் அன்றைய தலைமையகமும் ராஜகிருகமும் ஒரே தாதரின் இருபக்கங்களில் இருக்கின்றன.

அம்பேத்கரின் மறுவாசிப்பு தாம் வெறுத்த நூல்களோடு நின்றிருந்தால் அதைச் சார்பு என்று சொல்லிவிடலாம். கேலுஸ்கரின் பரிசால் தொடங்கிய புத்தர் வரலாற்றையும் அவர் அதே கண்டிப்போடு திறந்தார். முதியவர், நோயாளி, பிணம் ஆகியோரைக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்பது மரபுக் கதை. 29 வயது வரை ஒருவர் இவற்றைக் கண்டதேயில்லை என்பதை எவ்வாறு நம்புவது என்று ‘புத்தரும் அவரது தம்மமும்’ நூலின் அறிமுகத்தில் கேட்கிறார். அக்கதையை விலக்கிவிட்டு, ரோகிணி ஆற்றுநீருக்காகச் சாக்கியரும் கோலியரும் கொண்ட பூசலைத் துறவுக்குக் காரணமாக்குகிறார். இளமையில் தம்மைக் கவர்ந்த புத்தகத்தின் நாயகரைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற காட்சி, முதுமையில் அவர் கையாலேயே நீக்கப்பட்டது.

1956 டிசம்பர் 6இல் தில்லியில் அம்பேத்கர் மறைந்தார். உடல் ராஜகிருகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. ‘புத்தரும் அவரது தம்மமும்’ 1957இல் அச்சேறியது. ராம்ஜியின் வீட்டு இரவுகளையும் கேலுஸ்கரின் பரிசையும் தந்தையின் மௌனத்தையும் கூறும் முன்னுரை அப்பதிப்பில் இடம்பெறவில்லை.