ஜெஸ்ஸோர் கஜானாவிலிருந்து காவலூர் மலைக்கு

வானத்து நட்சத்திரங்கள் யாவும் என்றும் ஒரே பிரகாசத்துடன் திகழ்வன என்று நம் கண்ணுக்குத் தோன்றினாலும், அவற்றுள் பல, சில மணி நேரத்திலோ சில மாதங்களிலோ ஒளி கூடியும் குறைந்தும் வரும் இயல்புடையவை. திமிங்கில மண்டலத்தைச் சேர்ந்த மைரா என்னும் நட்சத்திரம் ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒரு முறை ஒளிர்ந்து, பின்பு வெறுங்கண்ணுக்குப் புலப்படாதபடி மங்கிவிடுகிறது. இத்தகைய நட்சத்திரம் ஒன்றின் போக்கை அறிய வேண்டுமாயின், ஆண்டுக்கணக்கில் அதனைப் பார்த்துக் குறித்து வரவேண்டும்; வானாய்வுக்கூடங்களோ சில, அவற்றிலுள்ள பெரிய தொலைநோக்கிகளுக்கு வேறு பணிகளோ பல. ஆகவேதான் சம்பளமும் பட்டமும் கருதாத அன்பர்களின் துணையை இந்தச் சாஸ்திரம் நெடுங்காலமாக நாடி வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் யார்க் நகரத்து இளைஞரும் செவிப்புலன் இழந்தவருமான ஜான் குட்ரிக், அல்கால் நட்சத்திரம் மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான கால ஒழுங்கில் மங்குவதைக் கண்டு சொல்லி, 1783-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கத்தைப் பெற்றார். ஜெர்மானிய வானசாஸ்திரியான ஆர்கெலாண்டர், இப்பணிக்கு உதவுமாறு 1844-இல் அன்பர்களுக்கு விண்ணப்பம் விடுத்தார். பின்னர் 1911-இல், ஹார்வர்ட் வானாய்வுக்கூடத்தின் தலைவர் பிக்கரிங் ஊக்கமளிக்க, வில்லியம் டைலர் ஆல்காட் என்ற வழக்கறிஞர், ஒளி மாறும் நட்சத்திரங்களை நோக்குவோருக்கென அமெரிக்காவில் ஒரு சங்கத்தை நிறுவினார். ஆனால் அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது நட்சத்திரங்கள் மாறாமல் காத்திருப்பதில்லையே. பூமியின் மறுபாதியிலும் யாரேனும் விழித்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாறு விழித்திருந்தவர்களுள் ஒருவர், இன்று வங்கதேசத்திலுள்ள ஜெஸ்ஸோரில் 1878-இல் பிறந்த ராதாகோவிந்த சந்திரர். பள்ளியிறுதிப் பரீட்சையில் மும்முறை தவறிய அவர், அரசாங்கக் கஜானாவில் சிறு உத்தியோகம் பார்த்து வந்தார். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியபோது கையிலிருந்த ஒரு பைனாகுலரால் அதனை நோக்கத் தொடங்கியவருக்கு அந்தப் பற்று வளர்ந்து, 1912-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்துக்கொண்டார். 1918 ஜூன் மாதத்தில் கருட மண்டலத்தில் புதிய நட்சத்திரம் ஒன்று திடீரெனச் சுடர்விட்டபோது, யாரும் சொல்லாமல் தாமாகவே அதனைக் கண்டு, தம் குறிப்புகளை ஹார்வர்டுக்கு அனுப்பிவைத்தார். அதன் பயனாக அமெரிக்கச் சங்கம் அவரைத் தன் அன்பர்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. 1926-இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றையும் கடல் கடந்து அவருக்கு இரவலாக அனுப்பியது.

அவர் செய்த வேலை யாவரும் கற்றுக்கொள்ளக் கூடியதே. மாறும் நட்சத்திரத்தின் அருகே, ஒளி மாறாததும் அளவு தெரிந்ததுமான இரு நட்சத்திரங்களைத் தேர்ந்துகொண்டு, ஒன்றைவிட மங்கலாகவும் மற்றொன்றைவிடப் பிரகாசமாகவும் அது தென்படுமாயின், இடைப்பட்ட அளவை மதிப்பிட்டு, நாளும் நேரமும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். 6.2, 6.6 என்ற இரண்டுக்கும் நடுவே நின்றால் 6.4. இதில் கடினமானது கணிதமன்று, நேர்மையே. நேற்று எழுதியதை நினைவில் வைத்து இன்று எழுதாமல், கண்டதை மட்டும் எழுதும் ஒழுக்கம், கஜானாவில் கணக்கெழுதிய அவருக்கு இயல்பாய் அமைந்திருந்தது போலும்! 1919 முதல் 1954 வரை அவர் எழுதியனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேற்பட்டவை.

வயது முதிர்ந்து அவர் ஓய்ந்தபின், அந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி, 1927-இல் சென்னையில் பிறந்தவரும் மாணவப் பருவத்திலேயே மாறும் நட்சத்திரங்களை நோக்கியவருமான வைணு பாப்புவின் கைக்கு வந்தது; அவர் ஜவ்வாது மலையில் நிறுவிய காவலூர் வானாய்வுக்கூடத்தை அது சென்றடைந்தது. பிற்காலத்தில் 2.34 மீட்டர் ஆடியுடன் பெருந்தொலைநோக்கி எழுந்த அந்த மலைக்கு, ஒரு கஜானா ஊழியரின் கருவியும் போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இன்றும் அச்சங்கம் உலகெங்குமுள்ள அன்பர்களின் குறிப்புகளைப் பெற்றுத் தொகுத்து வருகிறது. அவை கோடிக்கணக்காகப் பெருகியுள்ளன. அவற்றை எடுத்து ஆராயும் வானசாஸ்திரி, இன்ன புள்ளியை இட்டவர் எந்தப் பரீட்சையில் தேறினார் என்று கேட்பதில்லை. அந்த இரவில் அந்த நட்சத்திரம் எவ்வாறிருந்தது என்பதே அவருக்கு வேண்டுவது. நம் மொட்டைமாடிகளில் ஏறி, ஒரு பைனாகுலரும் ஒரு நட்சத்திரப் படமும் ஒரு நோட்டுப்புத்தகமும் கொண்டு, மழைக்காலம் ஓய்ந்த தை, மாசி இரவுகளில் தொடங்க நினைப்போர்க்கு இவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது. கஜானாக் கணக்கில் விடுபட்டதை மறுநாள் சேர்த்து எழுதலாம். வானத்தின் கணக்கில் விடுபட்ட ஓர் இரவைப் பின்னர் எவராலும் எழுதிச் சேர்க்க இயலாது.