நெல்லின் கேள்வியும் கொழுந்தின் கேள்வியும்: நீலகிரியில் மானியமும் விவசாயி அரசியலும்

மானியம் விவசாயியை ஆட்சிக்குக் கட்டுப்பட்டவராக ஆக்கிவிடுகிறது என்ற கருத்து நம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டு நெல் விவசாயியின் அனுபவம் அதற்கு நேர் எதிரானது. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. மாநில அரசு அதன்மேல் ஊக்கத்தொகை சேர்க்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடைமேடை ஏறுகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியது என்று நெல்லைத் திருப்பினால் சாலை மறியல் நடக்கிறது, அமைச்சர் பதில் சொல்கிறார். மின்கட்டணத்தை எதிர்த்து 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகளை மாட்டுவண்டிகள் அடைத்தன. அப்படி வளர்ந்த விவசாயிகள் இயக்கத்தை மறந்துவிட்டு, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. யாரைக் கேட்க வேண்டும் என்பது நெல் விவசாயிக்குத் தெரியும்.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. மலைச்சரிவுத் தேயிலை பெரும்பாலும் மழையை நம்பியது. பம்புசெட்டுக்கான மின்சாரத்தால் அவருக்குப் பெரிய பயனில்லை. உர மானியம் கடைவிலைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. நிலையான விலை ஆதரவோ இல்லை. 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்கீழ் அமைந்த தேயிலை வாரியம் வணிக அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. ஆதரவு விலைப் பட்டியலில் பச்சைத் தேயிலைக்கு இடம் கிடையாது. அரை ஏக்கரில் கொழுந்து பறிப்பவரும் அரசின் கணக்கில் வணிகப் பொருள் உற்பத்தியாளர்தான். இந்த வகைப்பாடு வெறும் நிர்வாக ஏற்பாடு என்று கடந்துபோகக் கூடியதன்று. நீலகிரி விவசாயியின் அரசியல் இதிலிருந்தே உருவாகிறது என்பது என் வாதம்.

2003ஆம் ஆண்டுத் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை விலைப்பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. தேயிலைத் தூள் விற்ற பணத்தில் ஒரு பங்கு விவசாயிக்கு, மறுபங்கு தொழிற்சாலைக்கு. குன்னூர் ஏலத்தில் தூள் விலை சரிந்தால் கொழுந்து விலையும் கூடவே சரியும். மாதந்தோறும் வாரியம் அறிவிக்கும் மாவட்டச் சராசரி விலை கையில் கிடைத்ததா என்று விவசாயி கணக்குப் பார்க்க வேண்டும். அவருடைய வழக்கு அப்போது தொழிற்சாலையோடும் வாரியத்தோடும் நின்றுவிடுகிறது. சட்டமன்றத்தில் அதற்குப் பொறுப்பேற்கும் அமைச்சர் யார்?

மாநில அரசின் கை கூட்டுறவு வழியாக நீள்கிறது. 1962இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இன்று இண்ட்கோசர்வ் என்னும் கூட்டமைப்பின்கீழ் இயங்குகின்றன. நியாயவிலைக் கடைகளில் விற்கும் ஊட்டி டீ இத்தொழிற்சாலைகளுடையது. நெருக்கடி முற்றும்போது அரசு தரும் மானியம், 2023இல் அறிவித்த கிலோவுக்கு 2 ரூபாய் உட்பட, கூட்டுறவு உறுப்பினர்களுக்கே போகிறது. தனியார் தொழிற்சாலைக்கு இலை போடும் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது இல்லை. ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்), ஒரே வாரம் கொழுந்து பறித்த இரண்டு குடும்பங்களை இப்படிப் பிரித்துவைப்பது அநீதி. கோரிக்கையின் குரல் பாதியாகிவிடுவது அதன் அரசியல் விளைவு.

அந்தப் பிளவைத் தாண்டும் முயற்சியாகவே 2023 செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் நடந்த தொடர் உண்ணாவிரதத்தைப் படிக்கிறேன். உற்பத்திச் செலவுக்குமேல் 50 விழுக்காடு சேர்த்து விலை வேண்டும் என்று சிறு தேயிலை விவசாயிகள் கேட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் முன்வைத்த அளவுகோல் அது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கேட்கப்படுவதைக் கொழுந்துக்கும் கேட்பதன் பொருள், எங்களையும் விவசாயிகளாக எண்ணுங்கள் என்பதே. அணிதிரட்டியவை பெரும்பாலும் கட்சிக் கிளைகள் அல்ல. தொதநாடு, பொறங்காடு, மேற்குநாடு, குந்தை என்னும் படுகர் சீமைகளின் பழைய ஊர்க்கட்டமைப்பு. கட்சி இந்த இடத்தில் வலுவிழப்பதற்குத் தொகுதி அமைப்பும் காரணம். நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பிரிவுகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் பெரும்பாலும் சமவெளியைச் சேர்ந்தவை. தேயிலை விலையை மட்டும் நம்பி அங்கே யாரும் தேர்தலில் நிற்க முடியாது. ஆகவே உண்ணாவிரதப் பந்தலும் கொழுந்து விலை கேட்டுப் போடும் உயர்நீதிமன்ற மனுவும் வாக்குச்சீட்டு செய்யாத வேலையைச் செய்கின்றன.

மலையிலும் நெல் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூடலூர், பந்தலூர் பள்ளத்தாக்கு வயல்களில் விளையும் நெல்லுக்கு ஆதரவு விலை காகிதத்தில் உண்டு. ஆனால் 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாகப் பயிரிடுவோர் பலருக்குப் பட்டா இல்லை. மானியம், பயிர்க்கடன், விவசாய மின்இணைப்பு எல்லாமே நில ஆவணத்தைக் கேட்கின்றன. அதனால் கூடலூர் அரசியலில் விலையைவிடப் பட்டா பெரிய கேள்வியாக நிற்கிறது. பதிலுக்காக மக்கள் போவதும் வருவாய்த் துறைக்கும் வனத்துறைக்கும். தஞ்சாவூர்க்காரரைப் போலவே நெல் பயிரிட்டும், அவருடைய அரசியலுக்குள் இவர்கள் நுழையவே முடியவில்லை. எனவே பயிரை வைத்து விவசாயியின் அரசியலை அளக்கும் ஆய்வுகள், முதலில் அவர் பெயரில் என்ன ஆவணம் இருக்கிறது, எந்த அமைச்சகம் அவரைக் கணக்கில் வைத்திருக்கிறது என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும்.