கடல் கடந்த சுகாதாரக் கல்வி

இராமநாதன் கல்லூரியாலும், வலிகாமத்துத் தோட்டங்களின் மரக்கறிகள் வந்து குவியும் சந்தையாலும் அறியப்பட்டிருந்த யாழ்ப்பாணத்து மருதனார்மடம், 2020 டிசம்பரில் ‘மருதனார்மடம் கொத்தணி’ என்று பத்திரிகைகளில் அடிபட நேர்ந்து, சந்தை மூடப்பட்டு, வியாபாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கொரோனாப் பரிசோதனைக்கு உட்பட்டபோது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்னும் உத்தியோகத்தின் கனத்தை ஊரார் பிரத்தியட்சமாகக் கண்டனர்.

பொதுச் சுகாதாரத் துறையில் உயர்கல்வியை இன்று வீட்டிலிருந்தே இணையவழியாகப் பெறலாம் என்பதை நூதனமாக எண்ணுவோர் உளர். 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளிவாரியாக எழுத வழிதிறந்த பின்னர், பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இரவில் விளக்கடியில் தாம் படித்துப் பட்டம் பெற்ற உபாத்தியாயர்களைக் கண்ட யாழ்ப்பாணத்துக்கு இது அத்தனை அதிசயமன்று.

வைத்தியக் கல்வியிலோ இதனினும் சுவாரசியமான பூர்வகதை, மருதனார்மடத்தின் அயலூராகிய மானிப்பாயில் இருக்கிறது. 1847-இல் அமெரிக்க மிஷனரியாக வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே மாணாக்கரைப் பயிற்றினார். ஆங்கிலம் கற்றவர்களோ சம்பள உத்தியோகத்தை நாடி வெளியூர் ஏகினர். கிராமத்தில் தரித்து நிற்கும் வைத்தியர் வேண்டுமாயின் போதனை தமிழில் நடக்கவேண்டும் எனத் துணிந்து, 1860-களில் அவர் தமிழுக்கு மாறியதும், சீடர்களின் துணையோடு ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய பெருநூல்களை ஆக்கியதும், என் மதிப்பில், அவர் செய்த சிகிச்சைகள் அனைத்தையும் விடப் பெரிய காரியங்கள். 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் தமிழை விடவில்லை; மாசசூசெற்ஸ் மாநிலத்து உஸ்ரர் நகரிலிருந்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் அச்சேறிற்று. மறு ஆண்டு அவர் காலமானார். கப்பல் தபாலை நம்பிய அக்காலத்துப் பொறுமையை, காணொளி ஒரு கணம் தடைப்பட்டாலே சலித்துக்கொள்ளும் நாம் சற்று நினைத்துப்பார்க்கலாம்.

கற்றவன் ஊரைவிட்டுப் போகாதிருக்க வேண்டுமென்று கிறீன் பட்ட கவலைக்கு இணையவழிக் கல்வி ஒரு பாதிப் பரிகாரம்: உத்தியோகத்தர் தம் பிரிவை விட்டகலாமலே கற்கிறார். மற்றப் பாதி நிறைவேறவில்லை. பாடமும் ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன; ஊராருக்கு வேண்டியதோ தமிழ். மருதனார்மடத்தின் அயலாகிய சுன்னாகத்தில், சுண்ணக்கற் பாறைக்கிடையே ஊறும் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2015-இல் கிளர்ந்தபோது, அந்நீரைக் குடிக்கலாமா, குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று அறிய விரும்பிய வீட்டாருக்கு, விஞ்ஞான அறிக்கைகளைத் தமிழாக்கிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.