டொங்கலுக்குள் ஒளிந்திருந்த சீடி

2006 இல் டயலொக் 3ஜி சேவையைத் தொடங்கியது. தென்னாசியாவில் அதுதான் முதல். அடுத்த வருடம் மொபிடெல்லும் வந்தது. கொஞ்சக் காலத்தில் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எண்டு எங்கட கரையோர ஊர்களில், டெலிபோன் லைன் இல்லாத வீடுகளுக்கும் இன்டர்நெட் ஒரு விரலளவு டொங்கலில் வந்து சேர்ந்தது. விண்டோஸில் சொருகினால் போதும். லினக்ஸில் சொருகினால் ஒரு சீடி மட்டும் திறக்கும். மோடம் எங்கே?

இதையெல்லாம் வரலாறு எண்டு எழுதுவதா எனச் சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேணும். எங்களில் பலர் லினக்ஸுக்குப் போனது கொள்கைக்காக அல்ல; வைரஸ் தின்ற பழைய கம்பியூட்டரை உயிர்ப்பிக்க. உபுண்டு சீடியை கனோனிக்கல் நிறுவனம் 2011 வரை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. சீடி வரும், இன்டர்நெட் வராது. பரீட்சை முடிவு பார்க்கவேண்டிய பிள்ளைக்கு அது சின்ன விசயமா? "இதக் கழட்டிப்போட்டு விண்டோஸ அடிங்க தம்பி" எண்டு கடை நானாமார் சொன்னது அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

சங்கதி இதுதான். ஹுவாவி இ1550 போன்ற டொங்கல்களுக்கு இரண்டு வேடம். சொருகியதும் தன்னை சீடி டிரைவ் எண்டு சொல்லும். அதற்குள் விண்டோஸ் டிரைவர் இருக்கும். அந்த டிரைவர் ஏறியபின் ஒரு சின்னக் கட்டளையை அனுப்ப, வேடம் கலைந்து மோடமாகும். தனியாக சீடி கொடுக்கத் தேவையில்லை, கெட்டிக்கார யோசனைதான். ஆனால் லினக்ஸுக்கு அந்தக் கட்டளையை ஆரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 12டி1:1446 எண்ட அடையாள எண்ணோடு டொங்கல் சீடியாகவே கிடக்கும்.

யோசுவா டீட்சே எழுதிய யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் இதைத் தீர்த்தது. விண்டோஸும் டொங்கலும் பேசிக்கொள்வதைப் பாவனையாளர்கள் ஒட்டுக்கேட்டு, எந்தச் செய்தியில் மாறுது எண்டு பிடித்து அவருக்கு அனுப்பினார்கள். மொடலுக்கு மொடல் வேறு வேறு. செய்தி போனதும் எண் 12டி1:1001 ஆகும், கேர்னலின் 'ஒப்ஷன்' டிரைவர் அதை அடையாளம் காணும். பிறகு டபிள்யூவிடயலில் *99# அடிக்கவேண்டியதுதான். 2008 ஒக்டோபரில் வந்த உபுண்டு 8.10 இல் நெட்வேர்க் மனேஜரே டயல் பண்ணப் பழகியது. ஆனால் சீடியாகக் கிடக்கிற டொங்கலை வைத்து அதுவும் என்ன செய்யும்?

பெரிய கூத்து வேறு. மோட்ஸ்விட்சை இறக்க இன்டர்நெட் வேணும். இன்டர்நெட்டுக்கு மோட்ஸ்விட்ச் வேணும். கல்முனையில் நெட் கபேக்குப் போய்ப் பென்டிரைவில் கொண்டுவருவோம். வீட்டில் வந்து பார்த்தால் டிசிஎல் எண்ட இன்னொரு பொதியும் வேணுமாம். திரும்பவும் சைக்கிள்.

பின்னால் உபுண்டு மோட்ஸ்விட்சை சீடியிலேயே சேர்த்துத் தந்தது. அதற்கும் பிறகு வந்த ஹைலிங்க் டொங்கல்கள் மோடமாக இல்லாமல் நெட்வேர்க் கார்ட்டாகவே தோன்றின. டயல் பண்ணும் வேலையும் போய்விட்டது. அந்தப் பழைய செய்திகளின் பட்டியல் இன்றைக்கும் டெபியனில் ஒரு பொதியாக இருக்கு, இ1550 க்கான வரியும் அதற்குள்தான்.