டால்ஃபின் மூக்குக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போய், டால்ஃபின் மூக்குப் பாறையில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தார். "கீழே பார்த்தால் வெறும் காடுதான் சார்" என்று எழுதியிருந்தார். படம் அருமை. ஆனால் கீழே இருப்பது வெறும் காடு இல்லை. அங்கே வெள்ளகவி என்று ஓர் ஊர் இருக்கிறது. கொடைக்கானல் நகரத்தைவிட மூத்த ஊர். வரலாற்று வாத்தியார் சும்மா இருக்க முடியுமா? கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி பழனி மலையை அளக்க வந்தார். அவர் தங்கியிருந்து வேலை பார்த்த இடம் குன்னுவர்கள் வாழ்ந்த வெள்ளகவி. அங்கிருந்துதான் மேலே ஏறி, இன்று கொடைக்கானல் இருக்கும் இடத்தைப் பார்த்தார். அப்போது ஏரி கிடையாது, நகரமும் கிடையாது. ஆனால் மலையில் சுமார் 4,000 பேர் ஒழுங்கான ஊர்களில் வாழ்ந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே "வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மலை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவருக்கு முன்பே அங்கே ஊரும் கோயிலும் உழவும் இருந்தன. குன்னுவர்கள் சமவெளியிலிருந்து மலையேறிய வேளாண் மக்கள் என்று அந்தக் காலத்து மதுரைச் சீமை வரலாறுகள் சொல்கின்றன.

1834-ல் மதுரை சப் கலெக்டர் மலையேறியது பெரியகுளம் பக்கமிருந்துதான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மேலே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அதுதான் இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் மாட்டுவண்டி பிடித்து, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து செண்பகனூருக்குக் குதிரைப் பாதை. தெம்பு உள்ளவர்கள் நடந்தோ மட்டக்குதிரையிலோ போவார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள்.

இந்தத் தெற்குச் சரிவுதான் அந்தக் காலத்தில் கொடைக்கானலின் வாசல். பிறகு வத்தலக்குண்டு பக்கமாக மோட்டார் சாலை போட்டார்கள். மேஜர் லா பெயரால் 'லாஸ் காட்' என்று சொல்வார்களே, அதுதான். 1914-ல் முடிந்தது, 1916-ல் வண்டிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அன்றோடு வாசல் மாறிப்போனது. பழைய வாசல் பக்கம் கொல்லைப்புறம் ஆனது. கொல்லைப்புறத்துக்கு யார் சாலை போடுவார்கள்?

நான் சொல்ல வருவது இதைத்தான். வெள்ளகவி ஒதுங்கிப் போன ஊர் இல்லை, ஒதுக்கப்பட்ட ஊர். மலை அப்படியேதான் நின்றது. சாலைதான் வேறு பக்கம் போனது.

இனி என் சொந்த அனுபவம். 1983-ல் பெரியகுளம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். வெள்ளகவிப் பையன் ஒருவன் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு படித்தான். பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தான். நான் காரணம் கேட்கவில்லை. "ஊர் சுற்றிவிட்டு வருகிறாயா" என்று திட்டி, ஒரு பீரியடு முழுக்க வெளியே நிற்க வைத்தேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் விடுதி சமையல்காரர்தான் சொன்னார்: அவன் அம்மாவுக்குப் பிரசவத்தில் சிக்கல், இரண்டு கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி ஊர்க்காரர்கள் தூக்கி வந்திருக்கிறார்கள், இவன் இரவெல்லாம் தீப்பந்தம் பிடித்து முன்னால் நடந்திருக்கிறான். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவனோடு நானும் ஏறினேன். கும்பக்கரை அருவிப் பக்கமாகக் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். ஊர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. வழியெல்லாம் உருளும் கல், வேர், அட்டை. ஊருக்குள் நுழையும் இடத்தில் "சார், செருப்பைக் கழட்டிருங்க" என்றான். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். வீடுகளுக்கு நடுவே அத்தனை கோயில்கள், ஊரே கோயில் என்பது அவர்கள் கணக்கு. நானும் வெறுங்காலோடு நடந்தேன். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் விளைந்து கிடந்தது. ஆனால் விளைந்ததைக் குதிரை முதுகில் ஏற்றி இறக்க வேண்டும். குதிரைக் கூலி போக என்ன மிஞ்சும்? அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் அதே குதிரையில் மேலே வர வேண்டும். அவன் அம்மா எனக்குப் பால் இல்லாத காப்பி போட்டுக் கொடுத்தார்கள். நான் பையனை வெளியே நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

டோலி என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் துரைசாணிகள் கோடைக்காலத்தில் குளுகுளுவென்று இருக்க டோலியில் மேலே போனார்கள். அதே மலைச்சரிவில் உயிருக்குப் போராடும் தாய்மார்கள் டோலியில் கீழே வந்தார்கள். சுமந்த தோள்கள் மட்டும் எப்போதும் ஏழையின் தோள்கள்தான்.

நிர்வாகச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. நான் போனபோது மேலேயும் கீழேயும் மதுரை மாவட்டம்தான். 1985-ல் திண்டுக்கல் பிரிந்தது, கொடைக்கானலோடு வெள்ளகவியும் அங்கே போனது. 1996-ல் தேனி பிரிந்தது, பெரியகுளம் அதில் சேர்ந்தது. ஆக, சந்தையும் ஆஸ்பத்திரியும் கீழே ஒரு மாவட்டத்தில், மனுக் கொடுக்க வேண்டிய அலுவலகம் மேலே இன்னொரு மாவட்டத்தில்.

"காட்டுக்குள் சாலை போட்டால் காடு அழியுமே சார்" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கவலை. மலையைத் துளைத்து ரிசார்ட் கட்டச் சாலை கேட்டால் நானும் எதிர்ப்பேன். ஆனால் சட்டமே வழி சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுப்படி, கிராமசபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைப் பயன்படுத்தலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. உங்களில் வருவாய்த்துறையிலும் வனத்துறையிலும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட மலைக்கிராமக் கோப்பு எதுவாவது உங்கள் மேசைக்கு வந்தால் கிடப்பில் போடாதீர்கள். வாத்தியார் உங்களிடம் கேட்கும் குருதட்சிணை இவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனுக்கும் இப்போது அறுபது நெருங்குகிறது. காப்பி யாவாரம் பார்க்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். தீபாவளிக்குத் தவறாமல் போன் பண்ணுவான். இந்தப் பதிவையும் யாராவது அவனுக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். தம்பி, அன்று காரணம் கேட்காமல் உன்னை வெளியே நிற்க வைத்தேன். நாற்பது வருடமாக நேரில் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்ளப்பா.

மற்றவர்கள் அடுத்த முறை டால்ஃபின் மூக்கில் நிற்கும்போது, கீழே கையைக் காட்டி அந்த ஊரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்