கழலை நோயின் உயிரியல் கட்டுப்பாடு

கழலை நோயின் உயிரியல் கட்டுப்பாடு என்பது, பழமரங்களில் கழலையை உண்டாக்கும் பாக்டீரியாவை, அதன் நெருங்கிய உறவான தீங்கற்ற பாக்டீரியாவைக் கொண்டு தடுக்கும் முறையாகும். தாவர நோய்களுக்கு எதிராக வணிக அளவில் வெற்றி பெற்ற தொடக்ககால உயிரியல் முறைகளுள் இதுவும் ஒன்று.

நோய்

அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம் என்பதை அமெரிக்காவின் எர்வின் ஸ்மித், டவுன்சென்ட் ஆகியோர் 1907 இல் நிறுவினர். பீச், பாதாம், செர்ரி, ஆப்பிள், திராட்சை உள்ளிட்ட பல இருவித்திலைத் தாவரங்களை இது தாக்குகிறது. நெல் போன்ற ஒருவித்திலைத் தாவரங்கள் இயற்கையில் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

காயங்களின் வழியே நுழையும் பாக்டீரியா, தன் பிளாஸ்மிட்டின் ஒரு பகுதியைத் தாவர உயிரணுவின் மரபணுத்தொகுதியில் சேர்த்துவிடுகிறது. இதனால் வளர்ச்சி இயக்குநீர்கள் மிகுந்து, வேரிலும் அடித்தண்டிலும் கழலைகள் தோன்றுகின்றன. அதன்பின் பாக்டீரியாவைக் கொன்றாலும் கழலை தொடர்ந்து வளரும். எனவே, வருமுன் காப்பதே வழியாகும்.

கே84

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் கெர், நோய் உண்டாக்காத கே84 என்னும் வகையைப் பிரித்தெடுத்தார். 1973 முதல் இது அந்நாட்டில் வணிக அளவில் பயன்படுத்தப்பட்டது. விதைகளையோ, கன்றுகளின் வேர்களையோ நடுவதற்கு முன் இப்பாக்டீரியா கலந்த நீரில் நனைப்பர்.

கே84 வேர்களில் இடம்பிடிப்பதோடு, அக்ரோசின் 84 என்னும் எதிருயிரியையும் சுரக்கிறது. நோய்க்கிருமி, கழலையில் உருவாகும் ஓர் உணவுப்பொருளை உள்ளிழுக்கும் அதே வழியாக இந்நஞ்சையும் உட்கொள்கிறது. அதனால் அதன் புரத உற்பத்தி தடைபடுகிறது.

கே1026

எதிருயிரியை உண்டாக்கும் பிளாஸ்மிட் நோய்க்கிருமிக்குப் பரவினால், அக்கிருமி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். முறையே பயனற்றுப் போகும். இதைத் தவிர்க்க, பிளாஸ்மிட் பரவுவதற்குத் தேவையான பகுதி நீக்கப்பட்ட கே1026 வகை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டது. மரபணு மாற்றப்பட்ட உயிரிகளுள் வணிகப் பயன்பாட்டுக்கு முதன்முதலில் வெளியிடப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாகும்.

இந்தியாவில்

இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் நாற்றுப்பண்ணைகளில் இந்நோய் காணப்படுகிறது. சோலன் அருகே நவுனியில் உள்ள பர்மார் தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளூர் மண்ணில் கிடைத்த தீங்கற்ற வகைகளைப் பீச், செர்ரிக் கன்றுகளில் சோதித்து, 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர்.

வரம்புகள்

ஏற்கெனவே தோன்றிய கழலையை இம்முறை குணப்படுத்தாது. திராட்சையைத் தாக்கும் அக்ரோபாக்டீரியம் விட்டிஸ் மீதும் கே84 பொதுவாகப் பயன் தருவதில்லை. ஆகவே நோயற்ற கன்றுகளைத் தெரிவு செய்வதும், வேரில் காயம் ஏற்படாமல் நடுவதும் இன்றியமையாதவை.